பழைய தார், ஜிப்ஸியில் ரோட் ட்ரிப்: மைலேஜ் உண்மையில் எவ்ளோ தரும்? எங்கே போகிறது எரிபொருள்?

ஓட்டும் வேகம், மேலே கட்டிய கேரியர், மாற்றிய டயர், இ20 பெட்ரோல்... பழைய ஆஃப்-ரோடு வண்டியின் எரிபொருள் கணக்கைத் தீர்மானிப்பது எது? எண்களோடு ஒரு விளக்கம்.

"மைலேஜ் எவ்ளோ தரும்?" செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. பழைய மஹிந்திரா தார் அல்லது மாருதி ஜிப்ஸி என்றால் வரும் பதில்தான் குழப்பம். விற்பவர் 14 என்பார். வாங்கி ஆறு மாதம் ஆனவர் 9 என்பார். மெக்கானிக்கைக் கேட்டால், "இந்த வண்டிக்கெல்லாம் மைலேஜ் பாக்கக் கூடாது சார்" என்று முடித்துவிடுவார்.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரே வண்டி ஒரே மாதத்தில் 9-ம் தரும், 14-ம் தரும். ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் வண்டி வாங்கினால் பட்ஜெட் எகிறும். தெரியாமல் நீண்ட பயணம் கிளம்பினால், பங்க் இல்லாத இடத்தில் டேங்க் காலியாகும்.

வார இறுதி ட்ரிப்புக்காகப் பழைய 4x4 வண்டி தேடும் இளைஞர்கள் அதிகம். இன்னொரு பக்கம், நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு, "என் பழைய வண்டியோட மைலேஜ் விழுந்துடுச்சு" என்ற புகாரும் ஓயவில்லை. எனவே இந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்பது அவசியம்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

இரண்டு வண்டிகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, 2010-ல் அறிமுகமாகி 2020-ல் புதிய மாடல் வரும்வரை விற்ற முதல் தலைமுறை தார். இதில் பலரும் தேடுவது சிஆர்டிஇ டீசல் மாடலை. 2.5 லிட்டர் இன்ஜின், 105 குதிரைத்திறன், 60 லிட்டர் டேங்க்.

இரண்டாவது, 1985-ல் வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் சந்தையில் நின்ற மாருதி ஜிப்ஸி. 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். பிற்கால எம்பிஎஃப்ஐ மாடலில் 80 குதிரைத்திறன். டேங்க் 40 லிட்டர்தான்.

இரண்டும் பெட்டி வடிவம். இரண்டிலும் தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்துக்கொள்ளும் வசதி. பொலேரோ, பழைய ஸ்கார்ப்பியோ, சுமோ வைத்திருப்பவர்களுக்கும் கீழே வரும் கணக்கில் பெரும்பகுதி பொருந்தும்.

கம்பெனி சொன்ன மைலேஜ் ஏன் ரோட்டில் கிடைப்பதில்லை?

இந்தியாவில் காருக்கு அறிவிக்கப்படும் மைலேஜ், ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட வைத்து அளக்கப்படுவது. 'இந்திய ஓட்டுநர் சுழற்சி' எனப்படும் இந்தச் சோதனையில் வேகம் அதிகபட்சம் மணிக்கு 90 கி.மீ.தான். பெரும்பகுதி அதைவிட மிக மெதுவாகவே ஓடும். நான்கு பேர், மூட்டை முடிச்சு, ஏற்றம், எதிர்க்காற்று எதுவும் அங்கே இல்லை.

சின்ன ஹேட்ச்பேக் காருக்கு இந்த வித்தியாசம் ஓரளவு தாங்கக்கூடியது. பெட்டி வடிவ ஜீப்புக்கு அப்படியில்லை. காரணம், காற்று.

வேகம் கூடினால் ஏன் இவ்வளவு குடிக்கிறது?

வண்டி ஓடும்போது இன்ஜின் இரண்டு எதிரிகளோடு மல்லுக்கட்டுகிறது. ஒன்று, டயர் உருள்வதில் ஏற்படும் தடை. வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது. இன்னொன்று, காற்றுத் தடை. இது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்கு.

ஒரு வண்டி எவ்வளவு வழுக்கலாகக் காற்றைக் கிழிக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. இன்றைய செடான் கார்களில் அது 0.30-ஐ ஒட்டி இருக்கும். இன்றைய ஜீப் ராங்லருக்கே 0.45 அருகில். செங்குத்தான கண்ணாடி, வெளியே நீட்டிய மட்கார்டு, பின்னால் தொங்கும் ஸ்டெப்னி என்று இருக்கும் பழைய தாருக்கு 0.5 என்று வைத்துக்கொள்வது நியாயமான கணிப்பு. முகப்பின் பரப்பும் அதிகம். இரண்டையும் பெருக்கினால், செடான் காரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்றை இந்த வண்டி தள்ள வேண்டும்.

ஆட்களும் மூட்டையும் சேர்த்து வண்டி 2 டன் என்று வைத்து, சமதளத்தில் தோராயமாகக் கணக்கிட்டால் (நியூட்டன் அளவில்):

- மணிக்கு 60 கி.மீ.: காற்றுத் தடை 217, டயர் தடை 255. மொத்தம் 472
- மணிக்கு 80 கி.மீ.: காற்றுத் தடை 385, டயர் தடை 255. மொத்தம் 640
- மணிக்கு 100 கி.மீ.: காற்றுத் தடை 602, டயர் தடை 255. மொத்தம் 857

60-ல் டயர்தான் பெரிய எதிரி. 80-ஐத் தொடும்போது காற்று முந்திவிடுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இன்ஜின் 34 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். அதாவது, 80-ல் லிட்டருக்கு 14 கி.மீ. கொடுக்கும் வண்டி, 100-ல் 10.5 கொடுத்தால் அதில் ஆச்சரியம் இல்லை. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. விற்றவரும் ஏமாற்றவில்லை.

சென்னை - மதுரை: ஒரு மணி நேரத்தின் விலை என்ன?

இதை ரூபாயில் பார்ப்போம். சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460 கி.மீ. டோல், டீ பிரேக் எல்லாம் ஒதுக்கிவிட்டு ஓட்டும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சீராக 80-ல் போனால் 5 மணி 45 நிமிடம். டீசல் சுமார் 33 லிட்டர். செலவு ஏறத்தாழ 3,020 ரூபாய்.

சீராக 100-ல் போனால் 4 மணி 36 நிமிடம். டீசல் சுமார் 44 லிட்டர். செலவு ஏறத்தாழ 4,030 ரூபாய்.

ஆக, 1 மணி 10 நிமிடத்தை மிச்சப்படுத்த ஏறத்தாழ 1,000 ரூபாய். போக வர 2,000. இது அதிகமா, பரவாயில்லையா என்பது உங்கள் முடிவு. ஆனால், 'பழைய வண்டி, அதான் குடிக்குது' என்று வண்டியின் வயது மீது போடும் பழியில் பெரும்பகுதி வலது காலுக்குச் சேர வேண்டியது.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான பழைய தார், ஜிப்ஸிகளில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. உயரமான வண்டி, கடினமான சஸ்பென்ஷன். 80-ல் ஓட்டுவது பர்ஸுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் நல்லது.

கேரியர், பெரிய டயர்: ஸ்டைலுக்குக் கொடுக்கும் விலை

பழைய ஜீப் வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, அதை 'ரெடி' பண்ணுவது. மேலே கேரியர், எல்இடி பார், முன்னால் இரும்பு பம்பர், பெரிய டயர். ஒவ்வொன்றும் மைலேஜில் கை வைக்கும்.

கூரை மேல் வைக்கும் பெரிய சாமான் பெட்டி, நெடுஞ்சாலை ஓட்டத்தில் மைலேஜை 6 முதல் 17 சதவீதம் வரையும், மணிக்கு 105 கி.மீ.க்கு மேல் போகும்போது 10 முதல் 25 சதவீதம் வரையும் குறைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஏற்கெனவே பெட்டி மாதிரி இருக்கும் ஜீப்பில் இந்தச் சதவீதம் மாறலாம். ஆனால், திசை மாறாது. அதே மூட்டையை வண்டிக்குள் வைத்தால் எடை மட்டும்தான் கூடும். மேலே வைத்தால் எடையோடு காற்றும் சேரும். ட்ரிப் முடிந்த பிறகும் காலியாகக் கிடக்கும் கேரியருக்குத் தினமும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

டயர் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பெரிய, முரட்டு டயருக்கு எடை அதிகம், உருளும் தடையும் அதிகம். அதனால் மைலேஜ் நிஜமாகவே குறையும். ஆனால், அதோடு ஒரு பொய்க்குறைவும் சேர்ந்துகொள்கிறது.

பழைய தாருக்குக் கம்பெனி கொடுத்த டயர் அளவு 235/70 ஆர்16. பலர் மாற்றுவது 245/75 ஆர்16. புது டயரின் விட்டம் சுமார் 5 சதவீதம் பெரிது. ஒரு சுற்றுக்கு வண்டி 5 சதவீதம் கூடுதலாக நகரும். ஆனால், மீட்டருக்கு அது தெரியாது. நீங்கள் நிஜத்தில் 500 கி.மீ. போயிருந்தால் மீட்டர் 475 என்றுதான் காட்டும். அந்த 475-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 12 என்று வரும் மைலேஜ், உண்மையில் 12.6. ஸ்பீடோமீட்டரும் இதே அளவு பிசகும். 80 என்று முள் காட்டும்போது, முன்பைவிட 5 சதவீதம் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

தீர்வு எளிது. நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களையோ மொபைல் ஜிபிஎஸ்ஸையோ வைத்து ஒருமுறை 50 கி.மீ. ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிடும்.

காற்றழுத்தத்தையும் மறக்கக் கூடாது. கடற்கரை மணலில் இறக்குவதற்காக டயர் காற்றைக் குறைப்பவர்கள், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். மைலேஜுக்காக மட்டுமல்ல. குறைந்த காற்றில் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கவும் வாய்ப்புண்டு. அதேபோல, காய்ந்த தார் ரோட்டில் 4x4 போட்டு ஓட்டவே கூடாது. எரிபொருளும் வீண், கியர் அமைப்பும் பாழ்.

மலை ஏறினால் கணக்கு எப்படி மாறும்?

ரோட் ட்ரிப் என்றால் நம் ஊரில் பெரும்பாலும் மலைதான். ஊட்டியை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஏறத்தாழ 50 கி.மீ. உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர்.

2 டன் எடையை 1,900 மீட்டர் மேலே தூக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்பது பள்ளிக்கூட இயற்பியல்தான். விடை, 37 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருந்தாலும், வெப்பமாக வீணானது போக சக்கரத்துக்கு வந்து சேர்வது தோராயமாக 10 மெகாஜூல்தான். எனவே, தூக்குவதற்கு மட்டும் 3.7 லிட்டர். சமதளத்தில் அந்த 50 கி.மீ.க்கு ஆகும் 3.6 லிட்டரையும் சேர்த்தால் மொத்தம் 7.3 லிட்டர். மைலேஜ் 7 கி.மீ.க்கும் கீழே.

பயப்பட வேண்டாம். இறங்கும்போது இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எரிபொருள் தெளிக்கும் இன்ஜின்களில், கியரில் வைத்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். எனவே 'நியூட்ரல் போட்டு இறக்கினால் மிச்சம்' என்பது இந்த வண்டிகளுக்குத் தவறு. நியூட்ரலில் இன்ஜின் ஐடிலிங்கில் எரிபொருள் குடிக்கும். அதைவிட முக்கியம், இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகலாம். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது அனுபவ ஞானம்.

இறங்க 1.5 லிட்டர் ஆனது என்று வைப்போம். போக வர 100 கி.மீ.க்கு 8.8 லிட்டர். மைலேஜ் 11.4.

இங்கேதான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். ஏறும்போது 7, இறங்கும்போது 33, சராசரி 20 என்று போடக் கூடாது. மைலேஜ் எண்களைக் கூட்டி வகுப்பது தவறு. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுப்பது மட்டுமே சரி.

வண்டிக்கு வயதானால் மைலேஜ் குறையுமா?

குறையும். ஆனால், வயது நேரடிக் காரணம் அல்ல. கவனிக்காமல் விட்ட சின்னச் சின்ன விஷயங்கள்தான் காரணம். எதைப் பார்க்க வேண்டும்?

- பிரேக் பிடித்தபடியே இருப்பது: 20 கி.மீ. ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால், அங்கே பிரேக் முழுசாக விடவில்லை. எரிபொருள் அந்தச் சூடாகத்தான் போகிறது.
- தெர்மோஸ்டாட்: 'ஹீட் ஆகுது' என்று போனால், இந்த வால்வையே கழற்றி எறிந்துவிடும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்களில் உண்டு. அப்புறம் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே வராது. குளிர்ந்த இன்ஜின் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். வாங்கும் வண்டியில் அந்த வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள்.
- ஆக்ஸிஜன் சென்சார்: எம்பிஎஃப்ஐ பெட்ரோல் வண்டியில் இது கெட்டால் கலவையின் கட்டுப்பாடே தவறிவிடும். இப்படியொரு பெரிய கோளாறைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம்கூட உயரலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.
- இன்ஜெக்டர்: டீசலில் கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், டர்போ குழாய்களில் கசிவு.
- வீல் அலைன்மென்ட்: ஆஃப்-ரோடில் அடிவாங்கிய வண்டியில் இது பிசகாமல் இருந்தால்தான் அதிசயம். முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதுவே சாட்சி.

இ20 வந்ததால் எவ்வளவு குறையும்?

டீசல் தார் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஜிப்ஸிக்காரர்களுக்கு இது முக்கியம்.

எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் 20 சதவீதம் கலந்தால், சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிடும்போது ஆற்றல் 6 முதல் 7 சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது: சுத்தப் பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் 6-7 சதவீத மைலேஜ் இழப்பு. மைலேஜ் பெருமளவு விழுகிறது என்ற புகார்கள் சரியல்ல என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. இ20-யை எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

ஆனால், இ20-க்கு முன்பே நாம் போட்டுக்கொண்டிருந்தது சுத்தப் பெட்ரோல் அல்ல, 10 சதவீதம் கலந்தது. அதிலிருந்து இ20-க்கு மாறும்போது ஆற்றலில் ஏற்படும் குறைவு ஏறத்தாழ 3.5 சதவீதம். 13 கி.மீ. கொடுத்த ஜிப்ஸி 12.5 கொடுக்கும். 1,000 கி.மீ.க்கு 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவான இழப்பு.

அப்போ 20 சதவீதம் விழுந்துடுச்சு என்பவர்கள் சொல்வது பொய்யா? அவர்கள் அளந்தது நிஜமாகவே இருக்கலாம். ஆனால், எரிபொருளின் ஆற்றல் குறைந்ததை வைத்து மட்டும் அவ்வளவு பெரிய சரிவை விளக்க முடியாது. சென்சார், கார்புரேட்டர், டயர், ஓட்டும் வேகம் என்று வேறு ஏதோவொன்றும் சேர்ந்திருக்கிறது. எல்லாப் பழியையும் இ20 மேல் போட்டால், சரிசெய்யக்கூடிய கோளாறு கண்ணில் படாமல் போய்விடும்.

மறுபக்கம், மைலேஜ் கொஞ்சம்தானே குறைகிறது என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. பழைய ஜிப்ஸிக்கு வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, இ20-க்காகத் தயாரிக்கப்படாத ரப்பர் குழாய்கள், கேஸ்கெட்கள் எத்தனாலில் சீக்கிரம் கெட்டுப்போகலாம். இரண்டு, எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாதம் ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கும் ட்ரிப் வண்டியில், டேங்கில் பெட்ரோல் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும். சென்சார் உள்ள எம்பிஎஃப்ஐ இன்ஜின் கலவையை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டியால் அது முடியாது. நீண்ட பயணத்துக்கு முன் எரிபொருள் குழாய்களை மாற்றிவிடுவது, மைலேஜைவிடத் தீ விபத்தைத் தவிர்க்கவே அவசியம்.

டேங்க் எவ்வளவு தூரம் தாங்கும்?

ரோட் ட்ரிப்பில் மைலேஜ் என்பது செலவுக் கணக்கு மட்டும் அல்ல. அடுத்த பங்க் வரை போய்ச் சேர முடியுமா என்ற கணக்கும்தான்.

மணாலி - லே சாலையில் தண்டி என்ற ஊரில் ஒரு பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று அங்கே வைத்த பலகை, பைக்கர்கள் மத்தியில் பிரபலம். ஜிப்ஸியின் 40 லிட்டர் டேங்கை முழுசாக நிரப்பினாலும், லிட்டருக்கு 9.2 கி.மீ.யாவது கிடைத்தால்தான் அந்தத் தூரத்தைத் தாண்ட முடியும். 5,000 மீட்டருக்கு மேல் ஏறும் கணவாய்கள், முதல், இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும் பாதை, கூரை மேல் மூட்டை. இதற்கெல்லாம் பிறகு 9.2 என்பது நிச்சயம் அல்ல. 10 கிடைத்தாலும் கையில் மிஞ்சுவது 35 கி.மீ.க்கான பெட்ரோல்தான். அதே பாதையில் 60 லிட்டர் டேங்க் உள்ள தாருக்கு லிட்டருக்கு 6.1 கிடைத்தாலே போதும்.

ஆகவே, பயணத் திட்டத்தில் உங்கள் நல்ல மைலேஜை எழுதாதீர்கள். நீங்கள் அளந்ததிலேயே மோசமான எண்ணை எழுதுங்கள். அதிலும் டேங்கில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஜிப்ஸிக்கு 9 என்றால், 32 லிட்டரில் 288 கி.மீ. அதற்குள் பங்க் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வழி அந்த வண்டிக்கு இல்லை.

சரியாக அளப்பது எப்படி?

டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் அது இருக்கவும் இருக்காது.

1. பங்க்கில் ஃபுல் டேங்க். துப்பாக்கி தானாக நின்ற முதல் 'க்ளிக்'கோடு நிறுத்துங்கள். 'ரவுண்டாப் பண்ணிடலாம்' என்று மேலே ஊற்ற வேண்டாம்.
2. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள்.
3. குறைந்தது 200 கி.மீ. ஓட்டுங்கள்.
4. முடிந்தால் அதே பங்க், அதே பம்ப். மறுபடி முதல் க்ளிக் வரை நிரப்புங்கள்.
5. ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். டயர் மாற்றியிருந்தால் அந்தப் பிசகையும் சேருங்கள்.

ஊருக்குள், ஹைவே, மலை என மூன்றையும் தனித்தனியாக மொபைலில் குறித்துவையுங்கள். மூன்று எண்கள் கையில் இருந்தால், எந்த ட்ரிப்புக்கும் எவ்வளவு எரிபொருள் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். எண் திடீரென்று விழுந்தால், வண்டி ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம்.

ஒரு கி.மீ. கூடினால் என்ன பெரிய லாபம்?

பழைய ஜீப்புக்குத்தான் அந்த ஒரு கி.மீ. பெரிய லாபம்!

8 கொடுக்கும் வண்டியை 10 ஆக்கினால், 100 கி.மீ.க்கு 12.5 லிட்டர் என்பது 10 லிட்டராகும். மிச்சம் 2.5 லிட்டர். 18 கொடுக்கும் காரை 20 ஆக்கினால் மிச்சம் வெறும் 0.56 லிட்டர். இரண்டிலும் கூடியது அதே 2 கி.மீ.தான். ஆனால், லாபம் நான்கு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. மைலேஜ் எண் நம் கண்ணை இப்படி ஏமாற்றுவதை ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற ஆய்வாளர்கள் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 'லிட்டருக்கு எவ்வளவு கி.மீ.' என்பதைவிட, '100 கி.மீ.க்கு எவ்வளவு லிட்டர்' என்று கேட்பதே சரியான கேள்வி.

எனவே, 'எப்படியும் குடிக்கிற வண்டிதானே' என்று சர்வீஸைத் தள்ளிப்போடுவதுதான் மிகப் பெரிய நஷ்டம். குடிக்கிற வண்டியில்தான் சர்வீஸுக்குப் போட்ட காசு சீக்கிரம் திரும்பும்.

அப்போ, வாங்கலாமா... வேண்டாமா?

கடைசிக் கணக்கு. உங்கள் பழைய தார் எல்லாம் கலந்து லிட்டருக்கு 11 தருகிறது, 15 தரும் புதிய டீசல் எஸ்யூவி இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம்.

ட்ரிப்புக்கு மட்டும் எடுத்து, ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓட்டினால்: கூடுதல் டீசல் 145 லிட்டர். சுமார் 13,400 ரூபாய். மாதம் 1,100 ரூபாய்.

ஆபீஸுக்கும் அதையே எடுத்து, ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டினால்: கூடுதல் டீசல் 364 லிட்டர். சுமார் 33,500 ரூபாய். மாதம் 2,800 ரூபாய்.

முதல் வகையினருக்கு, மைலேஜ் ஒரு காரணமே இல்லை. புதிய எஸ்யூவியின் இஎம்ஐ-யில் அது சின்னப் பகுதிகூட ஆகாது. அவர்கள் யோசிக்க வேண்டியது, பழைய வண்டியின் ரிப்பேர் செலவு, 15 ஆண்டு முடிந்தால் வரும் ஆர்சி புதுப்பிப்பு, பசுமை வரி, ஏர்பேக் இல்லாத வண்டியில் குடும்பத்தோடு போகலாமா என்ற கேள்வி ஆகியவற்றைத்தான். இரண்டாவது வகையினருக்கு மைலேஜ் நிஜமான செலவு. அதோடு, நகர நெரிசலில் 11 என்பதே கிடைக்காது என்பதால், கணக்கு இன்னும் மோசமாகத்தான் போகும்.

அடுத்த முறை விற்பவரிடம் பேசும்போது, "மைலேஜ் எவ்ளோ?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "எந்த வேகத்தில்? எந்த டயரில்? மலையிலா, ஹைவேயிலா? எப்படி அளந்தீங்க?" என்றும் கேளுங்கள். பதில் வந்தால், அவர் வண்டியைக் கவனித்து வைத்திருந்தவர் என்று ஓரளவு நம்பலாம். முழித்தால், முழு டேங்க் அடித்து 200 கி.மீ. ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.